நாலு அங்குல ஒயர்

சான் ரமோன்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள மதனுக்கு,

நானும் யாமினியும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பிக்கொள்வோம் என்று பிரிந்து வந்த புதிதில் நான்தான் சொன்னேன். மூன்று வருடமாக இருவரும் அதை மீறவில்லை. இன்று மீறிவிடலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அப்பா இன்று காலை பேசினார். ஒரு வாரமாக விடியும் நேரத்தில் முதியோர் இல்லத்தில் அவர் அறைக்குச் சூடான காற்று வருவதில்லையாம். "எழிலு, காலைல கண்ணு முழிச்சதும் மூக்கு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தார். முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனிதர், எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாது. ஆனால் பேச்சுக்கு நடுவே அவர் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. பக்கத்து அறை அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி தன் சால்வையைக் கொடுத்திருக்கிறார்களாம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. போன மார்ச்சில்தான் நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உங்களுக்குத் தெரியாததா?

கலிபோர்னியாவுக்கு வாங்கப்பா என்று நான் எவ்வளவோ கூப்பிட்டேன். "பிரிட்ஜ்வாட்டர்ல கோயில் இருக்கு, சீட்டாட ஆள் இருக்கு, மருமகன் அதே கட்டடத்துல வேலை பாக்கான். அங்க வந்து நான் என்ன செய்ய?" என்றார். நமக்குள் என்ன நடந்திருந்தாலும் அவருக்கு நீங்கள் அக்கா மகன். அந்தக் கட்டடத்தின் ஹீட்டரும் ஏசியும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன என்ற தைரியத்தில்தான் அவரை அந்த முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது. காலையில் அந்த மெஷின் நிற்கக் கூடாது. இதை மட்டும் செய்துகொடுங்கள்.

யாமினி லேர்னர்ஸ் பெர்மிட்டுக்குப் படிக்கிறாள். டாட் இன்னும் அந்தப் பழைய காரைத்தான் ஓட்டுகிறாரா என்று கேட்டாள்.

இப்படிக்கு,
எழிலரசி


பிஸ்கட்டவே,
15 டிசம்பர் 2024

அன்புள்ள எழில்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு முன்பே மாமா என்னைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இட்லி கொண்டுபோனபோது, "ஏ மருமகனே, உன் மிசினுக்கும் என்னைய மாதிரி விடியக்காலம் மூச்சு முட்டுதோ?" என்றார். ரெண்டு நாள் பொறுங்க மாமா என்றேன். "நான் பொறுப்பேன்டே. எனக்கென்ன, டூட்டிக்கா போகணும்? இந்த அம்மாதான் பாவம். சால்வையை எனக்குக் குடுத்துட்டு அது நடுங்குது."

என்ன கோளாறு என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அக்கறை இல்லாமல் இருக்கிறேன் என்று நீ நினைக்கக் கூடாது.

கிழக்கு விங்குக்குக் காற்று அனுப்பும் ஏர் ஹேண்ட்லர் மொட்டைமாடியில், மாமாவின் அறைக்கு நேர் மேலே இருக்கிறது. ஒரு மினிவேன் அளவுப் பெட்டி. வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, உள்ளிருந்து திரும்பி வரும் காற்றோடு கலந்து, வெந்நீர் ஓடும் செம்புக் குழாய்களுக்கு நடுவே ஊதி, சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும். அந்தக் குழாய் வரிசையைத்தான் காயில் என்போம். அதில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். அதற்குக் காவலாக ஒரு மெல்லிய நீண்ட குழாயைக் காயிலின் முகத்தில் வளைத்து வளைத்துக் கட்டியிருக்கும். ஃப்ரீஸ் ஸ்டாட் என்று பெயர். அதில் ஒரு முழ நீளம் உறைநிலையை நெருங்கினாலும் போதும், ஃபேனை நிறுத்திவிடும்.

வெளிக்காற்று வரும் கதவை மூடித் திறக்கும் மோட்டார் போய்விட்டது. கதவு பாதியில் நிற்கிறது. வரும் குளிர்காற்று கலக்காமல் அடியிலேயே ஊர்ந்து காயிலைத் தொடுகிறது. காவல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நான் ஏழு மணிக்கு வந்து, மாடி ஏறி, கையால் ரீசெட் பண்ணினால்தான் திரும்ப ஓடும். அதுவரை முப்பது அறைகள் குளிரில் கிடக்கும். புது மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. வர மூன்று வாரமாம்.

நேற்று ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தேன். மோட்டார் வரும்வரை தாங்கும். இன்று காலை மெஷின் நிற்கவில்லை. இனி மாமாவுக்குக் குளிராது. நீ கவலைப்படாதே.

அந்தப் பழைய கார்தான். டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் இறங்காது என்று யாமினியிடம் சொல்.

அன்புடன்,
மதன்


சான் ரமோன்,
5 ஜனவரி 2025

அன்புள்ள மதனுக்கு,

புது வருட வாழ்த்துகள். மூன்று வாரமாக அப்பாவிடமிருந்து குளிர் என்ற சொல்லே வரவில்லை. "மருமகன் கை வச்சாம்ட்டி. ரூம் என்னமா இருக்குங்கே, சட்டையைக் கழத்திட்டு உக்காந்திருக்கேன்" என்றார். சட்டையைப் போடுங்கள் என்று திட்டினேன்.

போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் மெஷினைப் பற்றி எழுதியதை யாமினிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். முழுவதும் கேட்டுவிட்டு, "டாட் எக்ஸ்ப்ளெய்ன்ஸ் திங்ஸ் நைஸ்லி" என்றாள். அவள் உங்களைப் பற்றித் தானாக ஒன்று சொல்லி ரொம்ப நாளாகிறது. எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த மாதக் கடைசியில் உங்கள் பக்கம் கடுங்குளிர் வரும் என்று செய்தியில் சொல்கிறார்கள். மாடி ஏறி இறங்கும்போது பனியில் வழுக்கிவிடாமல் பாருங்கள்.

அன்புடன்,
எழிலரசி


சான் ரமோன்,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

இப்படிக் கூப்பிட்டு எழுதி எத்தனை வருடமாகிவிட்டது. எழுதியதும் கை நின்றுவிட்டது. அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அங்கிருந்து வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஆபீஸ் போகிறேன், வருகிறேன். ஞாயிறு காலையானால் போன் அடிக்கும் என்று உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. இன்றும் எழுந்து, காபி போட்டு, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாமினி வந்து என் மேல் சாய்ந்துகொண்டாள்.

அந்த ஜனவரி இருபத்தொன்றாம் தேதியை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் பார்த்தது போலவே இருக்கிறது. காலை ஏழேகாலுக்குக் கூரை பிய்ந்து அவர் கட்டில் மேல் தண்ணீர் கொட்டியது. நீங்கள் ஓடி வந்து, நனைந்த போர்வையோடு அவரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினீர்கள். ஹீட்டர் இல்லாத கட்டடத்தில் வைத்திருக்க முடியாதென்று அத்தனை பேரையும் வேறொரு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றிய பஸ் வாசலில் கதவைத் திறந்துபோட்டபடி நாற்பது நிமிடம் நின்றதாம். மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் நிமோனியா.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று அவருக்குக் கொஞ்சம் தெளிவிருந்தது. நீங்கள் காபி வாங்கப் போயிருந்தீர்கள். மாஸ்க்கை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "மதன் என்னைய தூக்கிட்டு ஓடுனாம்ட்டி. எழுவது கிலோ. நான் சொன்னேன், எறக்கி விடுடே, எனக்கு ஸ்டாப் வந்துட்டுன்னு. கேக்கவே இல்ல." அதற்குப் பிறகு அவர் கோர்வையாக எதுவும் பேசவில்லை.

பிள்ளை ஸ்தானத்தில் நின்று எல்லாம் நீங்கள்தான் செய்தீர்கள். அந்த ஃபியூனரல் ஹோமில் எரியூட்டும் பட்டனை அழுத்தச் சொன்னபோது உங்கள் கை பட்டன் மேலேயே நின்றது. நான் என் கையை அதன் மேல் வைத்தேன். பன்னிரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு சொல் தடிக்கவில்லை. உங்களுக்கு அது ஆச்சரியமாக இல்லையா?

இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. வழக்கத்துக்கு மாறான குளிராலும் பம்ப் பழுதானதாலும் ஏற்பட்ட விபத்து என்று எழுதி வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். சாமியின் கணக்கு அப்படி இருந்தால் யாரை நோவது?

ஒன்று கேட்கிறேன். உடனே பதில் சொல்ல வேண்டாம். என் ஆபீஸ் இருக்கும் பிசினஸ் பார்க்கில் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ள என்ஜினியர் தேடுகிறார்கள். என் தோழி பிரீத்தியின் கணவர் ஜெயபிரகாஷ் அங்கேதான் மேனேஜர். உங்களைப் பற்றிச் சொன்னேன். ஜூனில் யாமினிக்குப் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. இங்கே வந்துவிடுங்கள். வேலைக்கு மட்டும் வாருங்கள் என்று எழுதவில்லை.

அன்புடன்,
எழில்


பிஸ்கட்டவே,
9 மார்ச் 2025

அன்புள்ள எழில்,

உன் கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன்.

இங்கே புதுக் காயில் பொருத்தியாகிவிட்டது. பெயின்ட் வேலை நடக்கிறது. மாமாவின் பெட்டியில் இருந்த துணிகளைக் கோயில் மூலமாகக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியும் சீட்டுக்கட்டும் என்னிடம் இருக்கின்றன. அனுப்பவா?

நீ கேட்டதற்கு எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். தவறாக நினைக்காதே.

மதன்


சான் ரமோன்,
30 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று பக்கம் எழுதினேன். பத்து வரி பதில் வந்தது. அதிலும் பெயின்ட் அடிப்பதைப் பற்றி ஒரு வரி!

கோபமில்லை. ஜெயபிரகாஷ் மே மாதம் ஒரு நாளில் உங்களோடு வீடியோவில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். யாமினி தானாகவே மாடியில் இருக்கும் சின்ன அறையைக் காலி செய்துவிட்டாள். டாட் டூல்ஸ் வைக்க இடம் வேண்டுமாம். பெர்மிட் வாங்கிவிட்டாள். ஃப்ரீவேயில் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் முதலில் ஓட்டுவாளாம். நான் கத்துகிறேனாம்.

ஆனால் அத்தான், ஒன்று கேட்க வேண்டும். நாம் பிரிந்தது உங்கள் பழைய வேலை போனதால் அல்ல. வேலை போனதை நான்கு மாதம் என்னிடம் சொல்லாமல், தினமும் காலையில் லஞ்ச் பாக்ஸோடு கிளம்பிப்போய் லைப்ரரி பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தீர்களே, அதனால். அந்த நான்கு மாதமும் நீங்கள் என்னிடம் இப்படித்தான் பேசினீர்கள். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, கேட்காத ஏதாவது ஒன்றைச் சொல்வீர்கள். குரலில் மரியாதை கூடிவிடும். உங்கள் கடிதத்தில் அந்தக் குரல் கேட்கிறது.

உடம்புக்கு ஏதாவதா? அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தாலும் சொல்லிவிடுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். மறைப்பதை மட்டும் இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

அன்புடன்,
எழில்


பிஸ்கட்டவே,
13 ஏப்ரல் 2025

எழில்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேறு யாரும் இல்லை. இதை உட்கார்ந்த இடத்திலேயே படி. யாமினி பக்கத்தில் இருந்தால் அப்புறம் படி.

மாமா விபத்தில் போகவில்லை. நான் செய்த ஒரு காரியத்தால் போனார்.

டிசம்பரில் தற்காலிக ஏற்பாடு என்று எழுதினேனே, அது என்னவென்று உனக்கு எழுதவில்லை. ஃப்ரீஸ் ஸ்டாட்டில் இரண்டு முனைகள் இருக்கும். அவற்றை நாலு அங்குல ஒயர் ஒன்றால் நேராக இணைத்துவிட்டால், எவ்வளவு குளிர்ந்தாலும் மெஷின் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். எங்கள் வேலையில் அதை ஜம்பர் போடுவது என்போம். செய்யவே கூடாத காரியம் அது. காவலாளியைக் கட்டிப்போடுவது. டிசம்பர் பதினான்காம் தேதி அதைத்தான் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கதவைக் கையால் தள்ளி மூடி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருக்கலாம். மூன்று வாரம் அறைகளில் காற்று கொஞ்சம் மக்கலாக இருந்திருக்கும். யாரும் செத்திருக்க மாட்டார்கள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அப்படிச் செய்ய இல்லத்தின் டைரக்டரிடம் அனுமதி கேட்டு, காரணம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒயர் போட இரண்டு நிமிடம் போதும்.

மோட்டார் ஜனவரி எட்டாம் தேதியே வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் என் மேஜைக்கு அடியில் வைத்தேன். மாற்றுவதற்கு அரை நாள் மெஷினை நிறுத்த வேண்டும். அந்த அரை நாளும் மாமா குளிரில் இருப்பாரே, வெயில் அடிக்கும் ஒரு நாளில் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். மெஷின் நன்றாக ஓடியது. ஒருவரும் குறை சொல்லவில்லை. மாமா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என் பெருமை பேசினார். பத்து நாளில் அந்த ஒயர் என் நினைவிலிருந்தே போய்விட்டது. இருபதாம் தேதி செய்தியில் குளிரைப் பற்றிச் சொன்னபோது நினைவு வந்தது. மாடிப்படி வரை போனேன். ஜெனரேட்டர் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

மறுநாள் வெளியே மைனஸ் பதினான்கு. வெந்நீர் பம்ப் ஐந்து மணிக்கு நின்றிருக்கிறது. காயிலில் தண்ணீர் ஓடாமல் நின்றது. காவல் இருந்திருந்தால் ஃபேன் நின்றிருக்கும். மாமா இரண்டு மணி நேரம் போர்வைக்குள் நடுங்கியிருப்பார், நான் வந்ததும் கிண்டல் செய்திருப்பார், அவ்வளவுதான். ஃபேன் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் அந்தக் காற்றை இழுத்து நின்ற தண்ணீர் மேல் ஊதியது. ஒன்பது வளைவுகளில் குழாய் வெடித்தது. உள்ளே பனிக்கட்டி அடைத்திருந்ததால் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

நான் ஏழு மணிக்கு வந்தேன். பம்ப் நின்றிருப்பதைப் பார்த்தேன். மாடியைப் போய்ப் பார்க்காமல் முதலில் பம்பை ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் பனி இளகி, அத்தனை தண்ணீரும் மாமாவின் கட்டில் மேல் இறங்கியது.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடும்போதே எனக்குத் தெரியும் எழில். அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, இன்சூரன்ஸ் ஆள் வருவதற்கு முன், மாடிக்குப் போய் அந்த ஒயரைக் கழற்றினேன். அவர் ஃப்ரீஸ் ஸ்டாட்டைச் சோதித்துவிட்டு நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று அவருக்கு டார்ச் பிடித்தேன்.

நீ எழுதியதால்தான் செய்தேன் என்று ஒருபோதும் நினைக்காதே. மெஷின் நிற்கக் கூடாது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எது கூடாது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உன் கை என் கை மேல் இருந்ததே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் உன் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். நீ என்னை அத்தான் என்றாய். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு, அடுத்த திங்கட்கிழமை டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என்ன செய்வார்களோ தெரியாது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் நீ.

ஜெயபிரகாஷிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிடு.

மதன்


பிஸ்கட்டவே,
6 ஜூலை 2025

அன்புள்ள எழில்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அது உன் உரிமை. நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

டைரக்டரிடம் சொன்னேன். அந்த அம்மாள், இதை ஏன் இப்போது என்னிடம் சொல்கிறாய் என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே வேலை போய்விட்டது. மாநில அதிகாரிகள் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். என் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் புது அறிக்கை போயிருக்கும். உனக்கும் வந்திருக்கும்.

வெளியே வருவதற்கு முன் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பம்ப் நின்றால் உடனே போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும். வெந்நீர் உறையாமல் இருக்க அதில் கிளைக்கால் என்ற திரவத்தைக் கலக்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன் ஏசிக் காயிலில் உள்ள தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது, வளைவுகளில் தங்கியதைக் காற்றால் ஊதி வெளியேற்ற வேண்டும். காவல் அடிக்கடி நிறுத்தினால் ஏன் நிறுத்துகிறது என்று தேட வேண்டும், காவலைத் தொடக் கூடாது. புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி இப்போது எடிசனில் வேறோர் இல்லத்தில் இருக்கிறார்கள். அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லலாம் என்று போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். முழுவதும் கேட்டார்கள். "உங்க மாமா தெனம் சாயங்காலம் என்கிட்ட சீட்டுல தோத்துட்டு, நாளைக்குப் பாருங்கம்மான்னு சொல்லிட்டுப் போவாரு" என்றார்கள். பிறகு, "நீ நல்ல பையன்தான் மதன். ஆனா இன்னிக்கு ரூமுக்குள்ள வராதே. என்னால முடியாது. அடுத்த வாரம் வா" என்றார்கள். அடுத்த வாரம் போனேன். உட்காரச் சொன்னார்கள். இருவரும் டிவி பார்த்தோம். அதற்குப் பிறகு வாரா வாரம் போகிறேன்.

ஒரு மளிகைக் குடோனில் வேலை கிடைத்திருக்கிறது. மூட்டை இறக்கும் வேலை. உடம்பு வலித்தால் தூக்கம் வருகிறது.

யாமினிக்குப் பதினாறு வயது ஆகப் போகிறது. அவளுக்கு என் ஆசி. மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்கவில்லை.

மதன்


சான் ரமோன்,
25 ஜனவரி 2026

அத்தானுக்கு,

நான்கு நாளைக்கு முன் அப்பாவின் திதி முடிந்தது. லிவர்மோர் கோயிலில் செய்தோம். உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்று குருக்கள் கேட்டார். சொல்லச் சொன்னேன். அக்கா மகன் என்று சொல்லச் சொன்னேன்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் வைத்துப் படித்தேன். உள்ளே போக முடியவில்லை. வீட்டுக்கும் போக முடியவில்லை. மாலை வரை அங்கேயே இருந்தேன். நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் நினைத்தேன். மறைக்காதீர்கள் என்று கெஞ்சியவள் நான். அந்த ஒரு நாள் முழுவதும், நீங்கள் மறைத்திருந்தால் இந்நேரம் உங்களுக்கு டிக்கெட் எடுத்திருப்பேனே என்று அழுதேன்.

பிறகு உங்களை வெறுக்கப் பார்த்தேன். அது பாதிதான் நடந்தது. உங்களை நினைக்க ஆரம்பித்தால், மெஷினை நிற்க விடாதீர்கள் என்று நான் எழுதிய வரியும் கூடவே வருகிறது. என் மேல் குற்றமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் உங்கள் வாயிலிருந்து கேட்க விரும்பவில்லை. என் மேல் எவ்வளவு இருக்கிறதோ அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

உங்களோடு ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியாது. யோசித்துப் பார்த்தேன். இங்கே குளிர்காலம் ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் காலையில் ஹீட்டர் ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து அதை அணைத்துவிடுகிறேன். அந்தச் சத்தத்தில் நீங்களும் பக்கத்தில் படுத்திருந்தால் நான் என்ன செய்வேன்? உங்களைச் சமாதானப்படுத்துவேனா, எழுந்து போகச் சொல்வேனா? வக்கீலிடமிருந்து காகிதம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். இதைக் கோபத்தில் செய்யவில்லை. கோபம் இருந்த மாதங்களில் வக்கீலிடம் போக வேண்டாம் என்று காத்திருந்தேன்.

யாமினிக்கு எதுவும் தெரியாது. அறிக்கை வந்த அன்று அதை என் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். டாட் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, வேலை சரியாக அமையவில்லை என்றேன். மறைத்தார் என்று உங்களை விட்டு வந்தவள், ஒன்பது மாதமாக என் மகளிடம் மறைத்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது! அவள் முகத்தைப் பார்த்ததும் இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. நீங்கள் அந்த மோட்டார் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது எப்படி என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை.

பிப்ரவரி விடுமுறைக்கு அவளை உங்களிடம் அனுப்புகிறேன். ஒரு வாரம் இருப்பாள். நான் வரவில்லை. அவள் கேட்பாள், தாத்தா எப்படிச் செத்தார், நீங்கள் ஏன் எங்களோடு இல்லை என்று இரண்டையும் கேட்பாள். எனக்கு எழுதியது போலவே அவளுக்கும் சொல்லுங்கள். டார்ச் பிடித்ததையும் சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் விடாதீர்கள், என்னைக் காப்பாற்றவும் எதையும் விடாதீர்கள். அவள் கத்தினால் கத்தட்டும். உடனே திரும்ப வர வேண்டும் என்றால் எந்த நேரமானாலும் எனக்குச் சொல்லுங்கள், டிக்கெட் மாற்றிக்கொடுக்கிறேன். இருக்கிறேன் என்றால் இருக்கட்டும்.

பதினான்காம் தேதி சனிக்கிழமை, மாலை ஐந்தேகாலுக்கு நெவார்க்கில் இறங்குகிறாள். விமானத்தில் எதுவும் சாப்பிட மாட்டாள். ஏதாவது கொண்டுபோங்கள். போன வருடம் உங்கள் காது உயரம் இருந்தவள் இப்போது உங்கள் உயரம். முடியையும் வெட்டிக்கொண்டுவிட்டாள். கூட்டத்தில் வேறு யாரோ என்று விட்டுவிடாதீர்கள்.

எழிலரசி